அடுப்புக்குப் போன வேலி

ஊரடங்கு என்று அறிவித்தபோது நான் மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்டேன். இந்த 'மாட்டிக்கொண்டேன்' என்ற சொல்லை அத்தை படித்தால் கரண்டியைத் தூக்குவார், தூக்கட்டும். எனக்கு வேலையும் வாடகை வீடும் ராமநாதபுரத்தில், வீட்டுக்காரருக்குத் திருப்பூரில். இரண்டு நாள் தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று இரண்டு சுடிதாரும் ஒரு சார்ஜருமாகத் திருவாடானைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்கு வந்தவள், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அத்தையின் நைட்டியைப் போட்டுக்கொண்டுதான் அலுவலகம் நடத்தினேன்.

என் வேலை என்ன என்பது மாமாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "போன்ல பேசுறதுக்குச் சம்பளம்" என்று ஊருக்குள் சொல்லி வைத்திருந்தார். அது முழுப் பொய்யும் இல்லை. கடலோரப் பெண்களுக்குக் கைபேசியில் குரல் பதிவு செய்யவும் வீடியோ எடுக்கவும் அதை வெட்டி ஒட்டவும் கற்றுக்கொடுத்து, அவரவர் ஊர்ச் சேதியை அவரவர் வாயாலேயே சொல்ல வைக்கிற சின்ன நிறுவனம் எங்களுடையது. ஊர் ஊராகப் போய்க் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து செய்கிற வேலை. அதை இனிமேல் வீட்டில் இருந்தபடியே செய்யுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

முதல் வீடியோ கூட்டத்தை நினைத்தால் இப்போதும் தலை வலிக்கிறது. பாதிப் பேர் திரையில் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார்கள். மீதிப் பேர் "கேக்குதா, கேக்குதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். யார் வீட்டிலோ ஆடு கத்தியது, அது மட்டும் தெளிவாகக் கேட்டது. அடுத்த வாரம் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். போன் பிள்ளைகளின் வகுப்புக்குப் போனது, அல்லது ரீசார்ஜ் போட வழியில்லை. கடைசியில் எனக்கு மிஞ்சியது இரண்டே பேர்.

ஒருத்தி தேவிபட்டினத்துக்காரி. அவள் மச்சான் என்று கூப்பிடுகிற கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் குடித்தனத்தில் பெரும்பகுதி போனில்தான் நடந்திருக்கிறது. பிள்ளைக்குப் பல் முளைத்ததைக்கூடப் படம் பிடித்து, வெட்டி, பாட்டுச் சேர்த்து அனுப்பியவள். எங்கள் வகுப்புக்கு வருவதற்கு முன்பே அவளுக்கு எல்லாம் தெரியும், சான்றிதழுக்காக வந்தேன் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். ஒலிப்பதிவுகளைக் கோத்து முடிக்கும் பொறுப்பு அவளுக்கு.

இன்னொருவர் உப்பூர்ப் பக்கத்து மீன்காரம்மா. அவரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வகுப்பில் அவர் பேசினால் போன் அலறும். கொஞ்சம் தள்ளி வைத்துப் பேசுங்கள் என்று சொன்னால் அடுத்த பாயில் வைத்துவிட்டுப் பேசுவார், அப்போதும் அலறும். அவர் தலைச்சுமையாக மீன் கொண்டுபோகும் ஊர்களில் எங்கள் கிராமமும் ஒன்று, என் அத்தைக்கும் அவருக்கும் வருடக்கணக்கான பழக்கம், ஒருவரை ஒருவர் மதினி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள் என்பதெல்லாம் வகுப்பில் பேச்சுவாக்கில்தான் எனக்குத் தெரிந்தது. அவர் எங்கள் தெருவுக்கு வருகிற நாட்களில் நான் ராமநாதபுரத்தில் இருப்பேன். அத்தையின் மருமகள் நான் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அவருக்கு நான் மேடம் இல்லை, மருமகள்தான். அதன் பிறகு நான் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை.

வீடியோவைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று பேருமாக ஒரு முடிவுக்கு வந்தோம். காலையில் ஐந்து நிமிடக் குரல் செய்தி. ரேஷன் கடை எப்போது திறக்கும், டாக்டர் எந்த ஊரில் இருக்கிறார், எந்த வதந்தி பொய், கடல் எப்படி இருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கடலோர ஊர்களுக்கும் உள்நாட்டுக் கிராமங்களுக்கும் வாட்ஸப் குழுக்களில் அனுப்புவது. நோன்பு மாதம் வந்த பிறகு தேவிபட்டினத்துக்காரிக்கு வசதியாகிவிட்டது. சஹருக்கு எழுந்து சாப்பிட்டு, தொழுதுவிட்டு, வெளிச்சம் வருவதற்குள் எல்லாவற்றையும் கோத்து முடித்துவிடுவாள்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊரில் முள் போட்டார்கள்.

ஊருக்குள் வருவதற்கு இருப்பது ஒரே தார்ச்சாலை. அதன் குறுக்கே சீமைக்கருவேல மரத்தை வெட்டி இழுத்துவந்து ஆள் உயரத்துக்குக் குவித்தார்கள். எங்கள் மாவட்டத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் கருவேலத்துக்குப் பஞ்சம் வராது. மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு முன்னால் நின்று வேலை வாங்கியவர் என் மாமா. வெளியாள் யாரும் வரக்கூடாது, அதிலும் கடற்கரைக்காரர் வரவே கூடாது என்பது கட்டளை. மீனில் கொரோனா ஒட்டிக்கொண்டு வரும் என்று யாரோ எங்கேயோ சொன்னது இவர்கள் போனுக்கும் வந்திருந்தது.

"கடக்கரையில பாதிப் பேரு வெளிநாட்டுக்காரன். அங்கனதான் மொதல்ல வரும்" என்றார் மாமா.

இதைத் தேவிபட்டினத்துக்காரியிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அவள் ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினாள். பிறகு, "மச்சான் பிளைட் இல்லாம அங்கன ரூம்ல அடஞ்சு கெடக்குறாருக்கா. வந்து சேர மாட்டாரான்னு நான் துவா கேட்டுக்கிட்டு இருக்கேன். வராத மனுசனால இங்க நோயாம்" என்றாள். எனக்கு மாமா மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

மீன் விற்பதற்கு அரசு தடை சொல்லவில்லை. விசைப்படகுகள் மீன்பிடித் தடைக்காலத்தில் கட்டிக்கிடந்தாலும் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. பஸ் இல்லாததால் மீன்காரம்மா தன் தம்பியின் மொபெட்டில், மாஸ்க் கட்டிக்கொண்டு, முறையாக அனுமதிச் சீட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தார். இந்தப் பக்கம் இருந்த ஆம்பிளைகள் கையை ஆட்டித் திரும்பிப் போகச் சொன்னார்கள். அவர் எனக்குப் போன் செய்து, நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஓடிப் போவதற்குள் போய்விட்டார். சாலையில் ஐஸ் தண்ணீர் சொட்டிய ஈரம் மட்டும் இருந்தது.

அன்று மத்தியானம் போனில் அவர் பேசியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது, ஏனென்றால் அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"உங்க ஊரு முள்ளு போட்டுச்சுன்னா பாத்து அடுத்த ஊரும் போடும்த்தா. வழி ஒருக்க விட்டுப் போச்சுன்னா போனதுதான், வேற யாவாரி வந்து உக்காந்துருவான். மூத்தவ நர்சிங்கு படிக்கிறா. அவ படிப்பு, நாங்க திங்கிற சோறு அம்புட்டும் இந்தச் சட்டிக்குள்ளதான் இருக்கு. எனக்கு வேற தொழில் தெரியாது மருமகளே."

மாமாவிடம் போய்ச் சண்டை போட்டேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், அரசு உத்தரவைச் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "ஊரு கட்டுப்பாடுன்னு ஒன்னு இருக்கு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அத்தை அடுப்படியில் இருந்து ஒன்றும் சொல்லவில்லை. அத்தை ஒன்றும் சொல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த அம்மா இந்த முள்ளைத் தாண்டித் தெருவுக்குள் வந்தே ஆக வேண்டும், அதைச் செய்ய முடியாவிட்டால் எங்கள் ஒலிபரப்பை ஆற்றில் கொண்டுபோய்க் கொட்டலாம் என்று அன்று ராத்திரி முழுக்கக் கறுவிக்கொண்டு கிடந்தேன்.

மீனால் நோய் பரவாது என்று ஒரு டாக்டரைப் பேச வைத்து அனுப்பினோம். அருமையான பேச்சு, ஒருவரும் கேட்கவில்லை. உள்நாட்டுக் கிராமங்களில் எங்கள் பதிவைத் திறந்தே பார்க்கவில்லை. காலையில் ஒரு வீட்டுப் போனில் திறந்தாலே தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி முகப்பில் ஒரு இசை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தேவிபட்டினத்துக்காரியிடம், "நம்ம கடக்கரைச் சத்தமா ஒன்னு வை. கேட்டா எந்திரிச்சு உக்காரணும்" என்றேன்.

அவள் வாப்பா சங்கு குளித்தவர். நுனி வெட்டிய ஒரு பெரிய சங்கு அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவள் அதை எடுத்து மூச்சைப் பிடித்து நன்றாக நீளமாக ஊதிப் பதிவு செய்து, முகப்பில் சேர்த்து, விடியும் நேரத்துக்கு எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் விடியற்காலையில் தெருவில் சங்குச் சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதுவும் கொரோனா காலத்தில்.

முதலில் மேலத்தெருவில் யாரோ கை தவறித் திறந்த போனில் ஊதியது. பிறகு பின்னாலேயே இன்னொரு வீட்டில். எங்கள் வீட்டில் அத்தை கொண்டையை அவிழ்த்துவிட்டு, "அய்யய்யோ, யாருடி போனது?" என்று வாசலுக்கு ஓடினார். தெருவே கூடிவிட்டது. இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு, கடைசியில் எல்லாரும் மூலைவீட்டுப் பக்கம் திரும்பினார்கள். அங்கே ஒரு பெரியவர் போன வருடத்திலிருந்து இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தார். அந்த வீட்டு மூத்த மருமகள் அழுவதற்கு முந்தானையை எடுத்துவிட்டாள். அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு, கம்பை ஊன்றிப் பெரியவரே வெளியே வந்தார்.

"எவன்டா எனக்கு ஊதுனது?"

நான் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. தேவிபட்டினத்துக்காரிக்குப் போன் செய்தபோது அவள், "யா அல்லாஹ்! எனக்கு எப்புடிக்கா தெரியும்? எங்க வீட்டு மவுத்துக்குச் சங்கு ஏது? நவபாஷாணக் கோயிலுக்கு வர்ற சனம் ஊதுறத கேட்டுருக்கேன், நல்லதுக்குன்னுல்ல நெனச்சேன்" என்று அழுதாள். மூலைவீட்டுப் பெரியவர் வெளியே வந்த கதையைச் சொன்னதும் அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு வந்து விக்கிக்கொண்டாள்.

எங்களுக்குச் சிரிப்பு, மாமாவுக்கு இல்லை. "மீனைக் கொண்டாந்தாக, நிறுத்துனோம். இப்ப சாவையே போன்ல அனுப்புறாக" என்று சொல்லி மேலும் ஒரு வண்டி முள்ளை வெட்டிக்கொண்டு வந்து போட்டார். சுற்றி இருந்த இரண்டு ஊர்களிலும் போட்டுவிட்டார்கள் என்று மறுநாள் தகவல் வந்தது. மீன்காரம்மா பயந்தது நடந்தே விட்டது, அதற்கு நாங்களே கொள்ளிக்கட்டையை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று. மேலிடத்துக்கு இந்தத் திட்டம் சரிவரவில்லை என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன்.

மீன்காரம்மாதான் விடவில்லை. "அந்த எழவுச் சங்க எடுத்துக் கடல்ல போடுங்க. எனக்கு வாய் இல்லையா?" என்றார். தெருவில் எப்படிக் கூவுவாரோ அப்படியே கடற்கரையில் நின்று கூவி அனுப்பினார். தேவிபட்டினத்துக்காரி அதன் அலறலைக் குறைத்து, பின்னணியில் இருந்த அலைச் சத்தத்தை மட்டும் விட்டுவைத்தாள். இந்த முறை விடியற்காலையில் அனுப்பவில்லை. அவர் வழக்கமாக எங்கள் தெருவுக்குள் நுழைகிற நேரம் என்று ஒன்று உண்டு, அந்த நேரத்துக்கு அனுப்பினோம்.

சங்கு செய்த ஒரே நன்மை, அடுத்த பதிவை ஊரே திறந்தது. திட்டுவதற்காவது திறக்க வேண்டும் இல்லையா.

"மீனேய்... ஓரா மீனு, நகர மீனேய்... வெயிலுக்கு முந்தி வாங்கத்தா..."

அத்தை பாத்திரம் விளக்கிக்கொண்டு இருந்தார். கையில் இருந்த அலுமினியச் சட்டியோடு அப்படியே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். எதிர்வீட்டிலும் ஒருத்தி சட்டியோடு நின்றாள். அடுத்த வீட்டில் ஒருத்தி. எல்லாரும் தெருமுனையைப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை. சத்தம் என் கையில் இருந்த போனிலிருந்து வந்துகொண்டு இருந்தது. உள்ளே இருந்து மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "ஓரா பெருசா இருக்கான்னு கேளு" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

அன்றிலிருந்து மீன்காரம்மா தினமும் அரை நிமிடம் பேசினார். டாக்டர் சொன்னதை அவர் மொழியில் சொன்னார். "மீனுல வராது, மூஞ்சிக்கு மூஞ்சி பேசுனாத்தான் வரும், நான் துணியக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன்" என்றார். அதைவிட முக்கியமாக வீடு வீடாகப் பேசினார். பெயர் சொல்ல மாட்டார், ஆனால் யாரைச் சொல்கிறார் என்று ஊருக்கே தெரியும். "கெணத்தடி வீட்டு மதினி, இன்னைக்கு நண்டு ஒன்னொன்னும் கையகலம், உங்களுக்குக் கொடுப்பினை இல்ல" என்பார். "கடைசி வீட்ல பச்சப்பிள்ளைக்காரி இருக்கா, பால் ஊறணும், அவளுக்குன்னு பால்சுறா எடுத்து வச்சேன். முள்ளத் தாண்டி எறியவா முடியும்? வேற யாருக்கோ குடுத்துட்டேன்" என்று ஒருநாள் சொன்னார். அந்த ஒரு வரிக்குக் கடைசி வீட்டுப் பிள்ளை பெற்றவளின் தாய் அன்று முழுக்கத் தெருவில் நின்று ஆம்பிளைகளைப் பேசினாள்.

பெண்கள் பதில் அனுப்ப ஆரம்பித்தார்கள். போன் ஆம்பிளைகளுடையது என்பதால், அவர்கள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து எடுத்து, பொத்தானை அழுத்திப் பிடித்துப் பேசுவார்கள். தேவிபட்டினத்துக்காரி அதையும் கோத்துச் சேர்த்தாள். எங்கள் ஐந்து நிமிடம் போதாமல் போனது. மூன்று மாத வகுப்பில் எங்களால் செய்ய முடியாததை ஒரு மீன் சட்டி செய்துகொண்டு இருந்தது. ஆனால் முள் மட்டும் போட்டது போட்டபடியே கிடந்தது.

ஒருநாள் மீன்காரம்மா ஓராவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வானிலை சொன்னார்.

"மேக்க கறுக்குது, கோடை மழை வரும்போல இருக்கு. கேஸும் ஒழுங்கா வரலைங்கிறீக. காஞ்ச வெறக நனைய விடாதீகத்தா. நல்ல கருவேலம், கண்ணு முன்னால நடுரோட்டுல கெடந்து காயுது, எடுத்து அடுக்கி வச்சுக்கங்க. நான் சொல்றதச் சொல்லிட்டேன்."

தேவிபட்டினத்துக்காரி இதைக் கேட்டுவிட்டு, "அக்கா, இத வெட்டணுமா விடணுமா?" என்று கேட்டாள். வானிலைச் செய்திதானே, விடு என்றேன். இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம்.

பதிவு போன அன்று சாயங்காலம் அத்தை அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒரு கட்டு முள் விறகோடு திரும்பி வந்து, அடுப்பங்கரைக்குப் பின்னால் அடுக்கினார். எங்கே வெட்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் எதிர்வீட்டுக்காரி போனாள். அதற்கு அடுத்து கிணற்றடி வீட்டு மதினி. யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு கிளை, இரண்டு கிளை. கருவேல விறகு நின்று எரியும், புகை குறைவு. அந்த வாரம் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் சோறு சீக்கிரம் வெந்தது.

ஆள் உயரத்துக்கு இருந்த முள் இடுப்பு உயரத்துக்கு வந்த பிறகுதான் மாமா கவனித்தார்.

"ஊரு பாதுகாப்புக்குப் போட்ட முள்ள யாரு எடுத்தது?" என்று நடுவீட்டில் நின்று சத்தம் போட்டார்.

அத்தை குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டே, "கேஸு கொண்டாங்க, முள்ளத் திருப்பித் தாரேன்" என்றார்.

ஆம்பிளைகள் மறுபடியும் வெட்டிப் போட்டார்கள். பெண்கள் மறுபடியும் எடுத்தார்கள். பச்சை முள் எரியாது என்று ஒருநாள் காயவிட்டு எடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அக்கினி வெயிலில் கருவேலம் வெட்டுவது என்றால் சும்மா இல்லை. முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். வெட்டுகிறவர்கள் நான்கு பேராகக் குறைந்து, பிறகு மாமாவும் இன்னொருவரும் மட்டும் என்றாகி, கடைசியில் மாமா மட்டும் அரிவாளோடு கிளம்பினார். வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். கூட வர ஒருவரும் இல்லை. திரும்பி வந்து அரிவாளைச் செருகி வைத்துவிட்டு, "ஆம்புலன்ஸ் வர்றதுக்கு வழி வேணும்ல. அதனாலதான் போனாப் போகுதுன்னு விட்டுட்டோம்" என்றார். அத்தை ஆமாம் என்று தலையை ஆட்டினார். அந்த முகத்தில் சிரிப்பு ஒரு துளி இல்லை. எப்படித்தான் அடக்கினாரோ.

இது நடந்ததற்கு மறுநாள் மீன்காரம்மாவிடமிருந்து பதிவு வரவில்லை.

முதலில் எரிச்சல் வந்தது. "மீன் ஏலத்துல நின்னுக்கிட்டு மறந்துட்டாகளோ" என்றாள் தேவிபட்டினத்துக்காரி. நான் கூப்பிட்டேன், மணி அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டேன். அவளும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. எரிச்சல் போய்ப் பயம் வந்தது. அந்த நாட்களில் ஒருவர் போனை எடுக்கவில்லை என்றால் மனம் எங்கெல்லாம் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். மூத்தவள் நர்சிங் மாணவி என்று மருத்துவமனை வேலைக்குக் கூப்பிட்டார்களோ, இவரும் கூடப் போய்விட்டாரோ, இல்லை இவருக்கே காய்ச்சலோ. நேற்றைய பதிவில் அவர் இருமினாரா என்று பழைய பதிவுகளை ஓட்டி ஓட்டிக் கேட்டேன். தேவிபட்டினத்துக்காரி அந்தப் பக்கம் துவா ஓதிக்கொண்டு இருந்தாள். ஒலிபரப்பு நேரம் வந்துவிட்டது, அனுப்ப ஒன்றும் இல்லை.

"மீனேய்... ஓரா மீனு, முரல் மீனேய்..."

யாரோ நேற்றையதைத் திரும்பப் போடுகிறார்கள் என்று நினைத்தேன். நான் இருந்த பயத்தில் அந்தக் குரல் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கூடவே கோபமும் வந்தது. யார் அது, நிறுத்துங்கள் என்று கத்துவதற்கு வாசலுக்கு வந்தேன். அத்தை சட்டியோடு என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்.

"போன்ல கூவுனா வாட அடிக்குமாடி? நகரு."

தெருமுனையில் மொபெட் நின்றது. மூக்கு வரை துணியைக் கட்டிக்கொண்டு, அகலமான சட்டியைத் தலையில் வைத்து, இடுப்பை ஒடித்து நடந்து வந்துகொண்டு இருந்தார் மீன்காரம்மா. எந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும், எங்கே நிற்காமல் கூவிக்கொண்டே போக வேண்டும் என்று அந்தக் கால்களுக்குத் தெரிந்திருந்தது. பெண்கள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வாசலில் நின்றார்கள். யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். மூலைவீட்டுப் பெரியவர்கூட வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் தேவிபட்டினத்துக்காரியை அழைப்பில் எடுத்துப் போனைத் தெருப் பக்கம் நீட்டினேன். அவள் அந்தப் பக்கம் "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று கத்தியது தெருவில் நின்றவர்களுக்கும் கேட்டது.

எட்ட நின்று ஒவ்வொருவராகச் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு விலகினார்கள், அவர் மீனை அள்ளிப் போட்டார். கடைசி வீட்டுக்கென்று ஒரு பையில் தனியாக இருந்தது. அத்தைக்கு ஓரா கொடுத்தார், பெரிய ஓரா. மாமா வாசல்படியை விட்டு இறங்கவில்லை. ஆனால், "ஏம்மா, முரலு எப்புடி?" என்று அங்கே இருந்தபடியே கேட்டார்.

"உங்களுக்கு இல்லாமலாண்ணே" என்றார் மீன்காரம்மா. மாமா காதுவரை சிவந்துபோனார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. போனைப் பதிவில் போட்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஏன் போனை எடுக்கல? எம்புட்டு பயந்துட்டோம் தெரியுமா? இன்னைக்குப் பதிவு எங்க?"

அவர் துணிக்கு மேலே கண்ணைச் சுருக்கிச் சிரித்தார்.

"எதுக்குத்தா பதிவு? போன்ல கூவுனது வர முடியாததுக்கு. வழி விட்டாச்சுன்னு மதினி சொன்னாக, அதான் ஆளே வந்துட்டேன்ல. யாவார நேரத்துல பேட்டி எடுக்காத, போன உள்ள வச்சுட்டுச் சட்டியக் கொண்டா."

போனை நைட்டிப் பையில் போட்டுக்கொண்டு சட்டி எடுக்க ஓடினேன். எங்கள் திட்டத்தின் மிகச் சிறந்த செய்தியாளரை அந்த இடத்தில் இழந்தேன். அவ்வளவு சந்தோஷமாக எதையும் நான் இழந்ததில்லை.

மத்தியான வெயில் ஏறுவதற்குள் சட்டி காலியாகிவிட்டது. அதைத் தண்ணீர் ஊற்றி அலசி இடுப்பில் வைத்துக்கொண்டு மொபெட்டில் ஏறினார். பக்கத்து ஊர்களிலும் அடுப்பு எரிகிறதாம், முள் இறங்கிக்கொண்டு வருகிறதாம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே சத்தமாகச் சொன்னார்:

"நாளைக்கு வாரேன்த்தா!"